உன் தங்கை அழித்துவிட்ட வீடியோக்கள்

கண்ணு குமார்,

இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், தண்ணீர் லாரி ஒழுங்காக வருகிறது, அப்பாவுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய். இந்தக் கடிதத்தைச் சொல்வது நான், எழுதுவது உன் தங்கை தேவி. கையெழுத்து போடுவதற்கு மேல் எனக்கு எழுத வராது. உன் அப்பாவிடம் சொல்லி எழுத வைக்கலாம் என்றால், நான் ஒன்று சொன்னால் அவர் தனக்குத் தோன்றுகிற இரண்டைச் சேர்த்து எழுதுவார். அதனால் இவளைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். தன்னைப் பற்றித் தானே எழுத வேண்டும் என்று தெரிந்ததும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "இத்தெல்லாம் நான் எய்த மாட்டேன், நீயே போன்ல சொல்லிக்கோ" என்றாள். போனில் சொல்ல முடிந்தால் நான் ஏன் கடிதம் சொல்லப் போகிறேன்? வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டால், நீ பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவதுதான் உனக்குக் கேட்பதில்லை. லைனும் அப்படி, உன் அவசரமும் அப்படி. எதிர் பிளாக் சேகர் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை துபாய் திரும்புகிறான். உன் கேம்பிலேயே இருக்கிறவன்தானே, அவன் கையில் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் உன்னிடம் சில விஷயங்களைச் சொல்லி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். திட்டுவதற்கு இல்லை கண்ணு. உன்னைப் பெற்றதற்கு நான் கும்பிடாத நாள் கிடையாது. கடல் உள்ளே வந்த அன்று நாம் இன்னும் ராயபுரத்துக் கரையோரக் குடிசையில் இருந்தோம். நான் எறால் கம்பெனியில் ஐஸுக்குள் கையை வைத்துக்கொண்டிருந்தேன், அப்பா எக்ஸ்போர்ட் கம்பெனியில் மிஷின் மெக்கானிக் வேலையில் இருந்தார். வீட்டில் நீயும் தேவியும்தான். உன் ஐ.டி.ஐ. சர்டிபிகேட் இருந்த பெட்டியை நீ கையில் எடுத்ததாகவும், அதைக் கீழே போட்டுவிட்டுத் தங்கையை முதுகில் தூக்கிக்கொண்டு கல்மண்டபம் வரைக்கும் ஓடியதாகவும் ஊரே எனக்குச் சொன்னது, நீ மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எவ்வளவோ நாள் இவள் உன் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். நீ குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றாள். நம்மை இங்கே எர்ணாவூருக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய பிறகும், நீ துபாய்க்குக் கிளம்புகிற வரைக்கும், இவளுக்கு உலகத்திலேயே ஒரு பேச்சு என்றால் அது அண்ணன் பேச்சுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு இனி நான் சொல்வதைக் கேள்.

இவள் பள்ளிக்கூடத்தை விட்டது உனக்குப் பெரிய வருத்தம். எனக்கும்தான். புதுப் பள்ளிக்கூடத்தில் வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை வாசி என்றால் இவளுக்கு வாய் திறக்காது. வாசிக்கத் தெரியாமல் இல்லை. இப்போது நான் சொல்லச் சொல்ல இவள் எப்படி எழுதுகிறாள் என்று நீயே பார்க்கிறாய். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றாலே நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்கிறது. ஒன்பதாவதில் ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, பிறகு யாரும் கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து அப்பாவின் மிஷின்களில் ஒன்றை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள். அக்கம்பக்கத்தவர்கள் ஜாக்கெட் துணி கொண்டுவந்தால் கதவைப் பாதி திறந்து கையை மட்டும் நீட்டி வாங்குவாள். "உன் பொண்ணுக்கு கை மட்டும்தான் கீதா, மூஞ்சி கீதா இல்லியா?" என்று கீழ் வீட்டு அம்சா என்னைக் கிண்டல் செய்யாத நாளில்லை.

எக்ஸ்போர்ட் கம்பெனியை மூடிய பிறகு அப்பா என்ன செய்தார் என்று உனக்குத் தெரியும். காயலான் கடை காயலான் கடையாக அலைந்து, துருப்பிடித்த கால் மிஷின்களை எடை போட்டு வாங்கி வந்து, கழற்றிச் சுத்தம் செய்து ஓட வைத்துவிடுவார். ஓட வைப்பதில் குறை இல்லை. விற்பதில்தான் தடுமாற்றம். எர்ணாவூரில் மிஷின் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? வீட்டில் ஆள் படுக்க இடமில்லாமல் மிஷின் நின்றது. நெட்டில் இலவசமாக விளம்பரம் போடலாம் என்று திருவொற்றியூரில் பிரவுசிங் சென்டர் நடத்தும் மும்தாஜ்தான் சொன்னாள். போட்டோ போட்டோம். கூப்பிட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "ஓடுமா?" ஓடும் என்றால் நம்பவில்லை. பழைய பொருள் விற்கிறவன் ஓடாது என்றா சொல்வான்? மும்தாஜ், "போட்டோல எல்லா மிஷினும் நின்னுகினுதான் இருக்கும் மாமா. ஓட்றத வீடியோ எடுத்துக் குடுங்க, நான் ஏத்தி விட்டு விளம்பரத்துக்குக் கீழ ஒட்டிடுறேன்" என்றாள். நீ அனுப்பிய கேமரா போன் அதுவரைக்கும் பீரோவுக்குள் துணி சுற்றி இருந்தது. அதை எடுத்தோம். அந்தப் போனுக்காகவும் உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

முதல் வீடியோவைச் சொன்னால் நீ சிரிப்பாய். உன் அப்பா அதற்கு நாள் பார்த்தார். ஆயுத பூஜைக்குச் செய்கிற மாதிரி மிஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பெரிய சாமந்தி மாலை ஒன்றை வாங்கி வந்து அதன் கழுத்தில் போட்டார். ஊதுபத்தி ஏற்றினார். "மொத மொத வெளியூருக்குக் காட்டுறோம், மங்களகரமா இருக்க வேணாமா?" என்றார். மாலை சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் என்பதால் ஓட்டிக் காட்ட முடியவில்லை. புகைக்கு நடுவில் மிஷின் சும்மா நிற்கிறது, பின்னால் சாமி பாட்டு, அவ்வளவுதான் வீடியோ. மும்தாஜ் அதை ஏற்றி முடிக்க அரை நாள் ஆனது. இரண்டு நாள் கழித்து ஓசூரிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். போனை நான்தான் எடுத்தேன். "ஏம்மா, மாலை போட்டு வெச்சிருக்கீங்களே, அந்த மிஷின்ல தச்சவங்க தவறிட்டாங்களா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.  நான் இல்லை என்று சொல்வதற்குள் அவரே, "பாவம். ஆனா எங்க வீட்ல சம்மதிக்க மாட்டாங்கம்மா" என்று வைத்துவிட்டார். அடுத்து கூப்பிட்டவரும் அதையே கேட்டார். அப்பா ஒரு வாரம் போனைத் தொடவில்லை. "மிஷினுக்குக் கருமாதி பண்ணிட்டேடா மாமு" என்று அவருடைய தோஸ்துகள் டீக்கடையில் ஓட்டினார்களாம்.

அந்த வாரத்தில்தான் நானும் அப்பாவும் வீட்டில் இல்லாத ஒரு மத்தியானம், தேவி கதவைச் சாத்திக்கொண்டு தானே ஒரு வீடியோ எடுத்தாள். போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருக்கிறாள். முகம் தெரியாது, கை மட்டும் தெரியும், குரல் கேட்கும். எங்களிடம் காட்டவே இல்லை, நேராக மும்தாஜிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். பிறகு மும்தாஜ்தான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். இதோ, இந்த இடத்தில் இவள் எழுதாமல் நிறுத்துகிறாள். நீ பேசியதை அப்படியே எழுது என்கிறேன். நான் சொல்வதையெல்லாம் புத்தகத் தமிழாக மாற்றி எழுதுகிறவள், இதை மட்டும் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்த வீடியோவில் இவள் சொன்னது இதுதான்:

"இது பய்ய மிஷினுங்க. எங்க நைனா ரெடி பண்ணது. நல்லா தைக்கும். இந்தா, தைக்கிறேன் பாருங்க. இது மேல் தையல். இப்ப துணியத் திருப்பிக் காட்டுறேன், இது கீய் தையல், நூல் தொங்கல பாருங்க. ஆனா இங்க ஒரு கீறல் கீது. பெயின்ட் அடிச்சா தெரியாது, நாங்க அடிக்கல. அப்பால, வேகமா மெறிச்சா டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வரும். அதால ஒண்ணியும் ஆவாது. ஆனா வூட்ல கொயந்தை தூங்கிகினு இருந்தா எய்ந்துக்கும். அத்த மட்டும் பாத்துக்கோங்க."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "விக்கிறவ எவளாவது சத்தம் வரும்னு சொல்லுவாளா? பேஜார் புடிச்சவளே" என்று கத்தினார். இவள் வழக்கம்போல மிஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாளே ஆரணியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "கொழந்தை எழுந்துக்கும்னு ஒரு பொண்ணு பேசுச்சே, அது இருக்கா?" என்றாள். நான் போனை இவளிடம் நீட்டினேன். வாங்குவாள் என்று நான் நினைக்கவில்லை. வாங்கினாள். முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினாள். அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதக் குழந்தையாம், அது தூங்குகிற நேரத்தில்தான் தைக்க முடியுமாம், அதனால் அந்த மிஷின் வேண்டாமாம். "நல்ல வேளை நீ சொன்ன. சத்தம் இல்லாதது வந்தா எனக்கு எடுத்து வை, வேற யார்கிட்டயும் நான் வாங்க மாட்டேன்" என்று சொன்னாளாம். அப்பா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். சத்தம் வருகிற மிஷின் அதே வாரத்தில் ஒரு தையல் கடைக்குப் போனது. கடையில் எந்தக் குழந்தை தூங்கப் போகிறது?

ஆரணிப் பெண்ணுக்காக அப்பா ஒரு மிஷினைத் தேடிப் பிடித்து, திரும்பத் திரும்பக் கழற்றி எண்ணெய் விட்டார். சத்தம் நின்றுவிட்டது என்று அவர் சொன்னால் இவள் ஒப்புக்கொள்ளவில்லை. என்ன செய்தாள் தெரியுமா? கீழ் வீட்டு அம்சாவின் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். இவளே கீழே இறங்கிப் போய், அம்சாவிடம் வாயைத் திறந்து கேட்டு, அவனைத் தூளியிலிருந்து தூக்கி வந்து மிஷினுக்குப் பக்கத்தில் பாயில் போட்டாள். அம்சா வாசலில் நின்றுகொண்டு, "இன்னாடி இது, என் பேரன வெச்சு வித்தை காட்டுறியா? எய்ந்து அய்தான்னா நீதான் தூக்கிகினு திரியணும்" என்று கத்தினாள். அவள் கத்தியதற்கே எழுந்திருக்க வேண்டும், பையன் அசையவில்லை. இவள் போனை வைத்தாள், ஒரு நீளத் துணியை முழுக்க ஓட்டித் தைத்தாள், பிறகு போனைக் கையில் எடுத்துக் குழந்தையின் முகத்தைக் காட்டினாள். வாயில் விரலை வைத்துக்கொண்டு தூங்குகிறான். "கொயந்தை எய்ந்துக்கல, பாத்துக்கோங்க" என்று ரகசியம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொல்லி முடித்தாள்.

அதைப் பார்த்துவிட்டு ஆரணிப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும், "பேசின பொண்ணு எங்கே?" என்றாள். பேசின பொண்ணு சமையல் மேடைக்குக் கீழே ஏதோ தேடுகிறவள் போலக் குனிந்து கிடந்தாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, தன் குழந்தையைத் தரையில் விட்டாள். அது தவழ்ந்து போய் இவள் தாவணியைப் பிடித்து இழுத்தது. அப்புறம்தான் வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோக மிஷினை மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டுகிற வரைக்கும் அந்தப் பெண் இவள் கையை விடவில்லை. உன் தங்கையின் கையை வெளியாள் ஒருத்தி பிடித்துக்கொண்டு நிற்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எல்லா மிஷினுக்கும் இவள்தான் வீடியோ. குறை எதுவோ அதை முதலில் சொல்வாள், பிறகுதான் தைத்துக் காட்டுவாள். வாங்கினவர்கள் எல்லாம் பெண்கள். நூல் அறுந்தால் கூப்பிடுவார்கள், ஊசி மாற்றத் தெரியாமல் கூப்பிடுவார்கள், சில பேர் புருஷனோடு சண்டை போட்டுவிட்டும் கூப்பிடுவார்கள். இவள் மிஷினைப் பற்றி மட்டும்தான் பேசுவாள், ஆனால் பேசுவாள். நான் எறால் கம்பெனிக்குப் போவதை நிறுத்தினேன். ஐஸில் வெடித்த விரல்கள் எல்லாம் ஆறிவிட்டன. உனக்கு நான் அதைச் சொல்லவில்லை, சொன்னால் அனுப்புகிற பணம் போதவில்லையா என்று வருத்தப்படுவாய் என்று விட்டுவிட்டேன். நீ அனுப்புவது போதும் கண்ணு. கைகள் ஆறியது இவளால்.

இந்தச் சந்தோஷத்தில்தான் இவள் தானாகவே உன்னிடம் போனில் சொன்னாள். "அண்ணே, நான் பேசி ஒரு வீடியோ போட்டுக்கீறேன், பாக்கிறியா?" என்று கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டாய். என்னைக்கூட விசாரிக்காமல், "அவகிட்ட குடு" என்றாய். நீ கத்தியது போனுக்கு வெளியே எனக்கும் கேட்டது. ரூமில் எல்லோரும் சிரிக்கிறார்கள், மானம் போகிறது, எல்லாவற்றையும் அழித்துவிடு, இப்படிப் பேசுகிறவளை வைத்துக்கொண்டு நாளைக்குப் பெண் வீட்டுக்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டாய். இவள் "சரிண்ணே" என்றாள். அன்றைக்கே மும்தாஜிடம் போய், உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அழிக்கச் சொல்லியிருக்கிறாள். மும்தாஜ், "ஒண்ணாவது இருக்கட்டும் தேவி, அந்தக் கொயந்தையோடது" என்று கெஞ்சினாளாம். அதைத்தான் முதலில் அழிக்கச் சொன்னாளாம். போனிலும் கிடையாது. கார்டில் இடம் பத்தாது என்று ஏற்றியதும் அழித்துவிடுவது இவள் வழக்கம். ஆக, இப்போது அது எங்கேயும் இல்லை.

உன்மேல் எனக்கு அப்போது கோபம்தான். பொய் சொல்லவில்லை. சேகர் லீவில் வந்த பிறகுதான் அது ஆறியது. அவன் வீட்டுக்கு வந்து டீ குடித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னான். கேம்பில் ஒருத்தன் புதிதாக வாங்கிய லேப்டாப்பில் முதன்முதலில் அந்த வீடியோவைப் போட்டதே நீதானாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எல்லாம் எழுப்பிக் கூப்பிட்டாயாம். "என் தங்கச்சிடா, அவளே எடுத்ததுடா" என்றாயாம். இரண்டாவது முறையும் போட்டாயாம். தெற்கேயிருந்து வந்த ஒருத்தன் "கொயந்தை எய்ந்துக்கும்" என்று குரலை மாற்றிப் பேசிக் காட்ட, மற்றவர்கள் சிரிக்க, நீயும் கொஞ்சம் சிரித்தாயாம். பிறகு எதற்கெடுத்தாலும், சோறு வெந்ததா என்றால்கூட, அதையே சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார்களாம். நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய், கண்டெய்னர்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தாயாம். கண்ணு, அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. நீ முதலில் பெருமைதானே பட்டிருக்கிறாய். அந்தப் பெருமையை நீ இவளிடம் சொல்லவில்லை. உனக்கு அவர்கள் கொடுத்ததை மட்டும் அப்படியே இவளிடம் கொடுத்துவிட்டாய்.

நம் பேச்சை ஊரார் கிண்டல் செய்வது எனக்குப் புதிதில்லை. எக்மோர் ஆஸ்பத்திரியில் உன்னைப் பெற்றுக்கொண்டு கிடந்தபோதே, நான் வாயைத் திறந்தால் பக்கத்துக் கட்டில்காரி சிரிப்பாள். அந்தப் பேச்சில்தான் உன்னைத் தூங்க வைத்தேன், அந்தப் பேச்சில்தான் உன் அப்பா என்னிடம் கல்யாணத்துக்குக் கேட்டார். ஆரணிக்காரிக்கு அது புரிந்தது. மிஷின் வாங்கிய ஒரு நாமக்கல்காரிக்குப் புரிந்தது. அவர்கள் சிரிக்கவில்லையா என்றால், சிரித்தார்கள். சிரித்துவிட்டு மிஷின் வாங்கினார்கள், பிறகு இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சிரிப்பதில் இரண்டு விதம் இருப்பதை நீ பார்க்காமல் விட்டுவிட்டாய்.

இப்போது வீடு எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். சுவரோரம் மூன்று மிஷின் நிற்கின்றன. அப்பா ஒரு நாள் தானே வீடியோ எடுக்கிறேன் என்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, கட்சி மீட்டிங்கில் பேசுகிறவரைப் போல "பேரன்புமிக்க தாய்மார்களே" என்று ஆரம்பித்தார். கூப்பிட்ட ஒரே ஆள், இந்த மிஷினை எந்தக் கட்சி கொடுக்கிறது, ரேஷன் கார்டு கொண்டுவர வேண்டுமா என்று கேட்டார். பழைய விளம்பரத்தில் நம்பரைப் பார்த்துவிட்டு இன்னும் சில பெண்கள் கூப்பிடுகிறார்கள். இவள் போனை எடுத்து, "எல்லாம் வித்துப் போச்சுங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். மூன்று மிஷினும் இவளைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஏன்டி பொய் சொல்றே என்றால், "அண்ணன் சொல்லட்டும்" என்கிறாள். நான் போடச் சொன்னால் கேட்கவில்லை, அப்பா கெஞ்சினால் கேட்கவில்லை. நான் உன் அம்மா இல்லையா என்றேன். "நீ அம்மாதான். அழிக்கச் சொன்னது அது" என்றாள். அது என்றால் நீ. உன் பேரைச் சொல்லக்கூட மாட்டேன் என்கிறாள். நீ கூப்பிடுகிற நேரமாகப் பார்த்துத் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு இறங்கிவிடுகிறாள், அன்றைக்கு லாரி வராவிட்டாலும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலடிப்பேட்டைக்கு, பெண் வீட்டுக்குப் போயிருந்தோம். தங்கை என்ன செய்கிறாள் என்று கேட்டால், வீட்டிலிருந்தே பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று சொல்லச் சொல்லியிருந்தாய். அவர்கள் கேட்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இவள் ஒன்பதாவதோடு நின்றுவிட்டாள், பழைய தையல் மிஷினை வீடியோ எடுத்து நெட்டில் விற்கிறாள், குறையைச் சொல்லி விற்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அம்சாவின் பேரன் கதையையும் சொன்னேன். உன் மாமியார் ஆகப் போகிறவர் மாமனாரைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்தையே கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். மாமனார்தான் முதலில் வாயைத் திறந்தார். "எங்க வூட்டு பிரிட்ஜ் ஒண்ணு கீது. அத்த உங்க பொண்ணு வித்துத் தருமா? ஆனா குறையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சா பொயுது விடிஞ்சிடும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். தேவியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

கிளம்பும்போது ரேவதி, நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண், மாடிப்படி வரைக்கும் வந்தாள். "அத்தே, அந்தக் கொயந்தை வீடியோவ நான் பாக்கணும். எங்க பாக்கலாம்?" என்று கேட்டாள். இப்போது இல்லை, அழித்துவிட்டாள் என்றேன். "ஏன் அத்தே?" என்றாள். தேவி செருப்பை மாட்டுகிற மாதிரி கீழே குனிந்துகொண்டாள். அப்பா மேலே பார்த்தார். நான் பஸ் வந்துவிட்டது என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவள் மறக்கிற பெண்ணாகத் தெரியவில்லை, உன்னிடமும் கேட்பாள். பெண்டாட்டி கேட்கிற முதல் கேள்விக்குப் பொய் சொல்லிக் குடித்தனத்தை ஆரம்பிக்காதே. என் பிள்ளைக்கு நான் சொல்கிற கல்யாண புத்தி இவ்வளவுதான். அவள் உன்னிடம் ஏதாவது ஆசையாகக் கொண்டுவந்து காட்டினால், அதைப் பார்த்து நீ முதலில் என்ன நினைத்தாயோ அதைச் சொல். மற்றவர்கள் சிரித்த பிறகு நினைத்ததை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

நீ கெட்டவன் என்று இந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. வெயிலில் நின்று கப்பலுக்கு வெல்டிங் அடித்துவிட்டு வந்து, ரூமிலும் நாலு பேர் சிரிப்புக்கு ஆளானால் யாருக்கும் கோபம் வரும். நாங்கள் இன்று ஒரு கூரைக்குக் கீழே பயமில்லாமல் இருப்பது உன் உழைப்பு. அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன், இவளும் மறக்கவில்லை. மறந்திருந்தால், நீ ஒரு வார்த்தை சொன்னதும் தன் கையால் செய்ததையெல்லாம் இப்படி அழித்திருப்பாளா?

சேகர் திங்கட்கிழமை உன்னிடம் இதைக் கொடுத்துவிடுவான். நீ நாலு நாள் யோசித்துக்கொள். இவள் இனி வீடியோ போடுவது உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல், ஆனால் கத்தாமல் சொல். வேண்டும் என்றால் அதைச் சொல். இரண்டில் எதைச் சொன்னாலும், முதல் நாள் அந்த ரூமில் எல்லோரையும் எழுப்பிக் கூப்பிட்டாயே, அதையும் சேர்த்துச் சொல். சேகர் சொல்லி எனக்குத் தெரிவது வேறு, நீ சொல்லி இவளுக்குத் தெரிவது வேறு. வெள்ளிக்கிழமை எப்போதும் கூப்பிடுகிற நேரத்துக்கே கூப்பிடு. நானும் அப்பாவும் அன்றைக்கு மாலை அம்சா வீட்டில் இருப்போம், குடமும் எங்களோடு இருக்கும். போனை நான் எடுக்க மாட்டேன்.

"அப்ப யாரு எடுப்பா?" என்று கேட்டுவிட்டு இவள் பேனாவை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்க்கிறாள்.

நீதான்டி. எழுது.